மணல் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

இங்கிலாந்தில் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் கரையில் இறங்கித் தூண்டிலுக்குப் புழு தோண்ட யாருக்கும் உரிமை உண்டு. மீன் பிடிக்கும் பொது உரிமையோடு இரை தோண்டும் உரிமையும் சேர்ந்தே வருகிறது என்று 1993-ல் ஒரு வழக்கில் தீர்ப்பே வந்திருக்கிறது. சொந்தத் தேவைக்கு என்றால் தோண்டலாம், விற்பதற்குக் கூடாது. அதே மண்வெட்டியால் அதே இடத்தில் பழைய காசுக்காகக் குழி தோண்டினால் அந்த உரிமை உதவாது. அந்த மணல் யாருக்குச் சொந்தமோ அவருடைய சம்மதம் வேண்டும்.

மெட்டல் டிடெக்டர் வாங்குகிற பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. கடற்கரை எல்லாருக்கும் பொது, யாரும் போகலாம், போனால் தேடலாம், தேடினால் எடுக்கலாம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் ஆங்கிலேயக் கடற்கரை அவ்வளவு பொதுவானது அல்ல. லங்காஷயரில் கிரேட் கிராஸ்பி என்ற ஊரின் கடற்கரை குறித்து 1821-ல் வந்த தீர்ப்பு, கடலில் இறங்கிக் குளிப்பதற்கே மக்களுக்குப் பொதுவான சட்ட உரிமை கிடையாது என்று சொன்னது. மீன் பிடிக்கலாம், படகு விடலாம்; பழைய உரிமைகள் இவ்வளவுதான். நடப்பதும் குளிப்பதும் குழந்தைகள் மணல்வீடு கட்டுவதும், பெரும்பாலான இடங்களில், சொந்தக்காரர் தடுக்காமல் விட்டிருப்பதால் நடக்கின்றன. தடுக்காமல் விட்டது நடப்பதற்குத்தான். தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும் சேர்த்து அல்ல.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்ன வழக்கு ஒரு பூங்காவில் பிறந்தது. சர்ரே மாவட்டத்தின் ஃபார்ன்ஹம் பூங்கா கவுன்சிலுக்குச் சொந்தமானது, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1992-ல் ஒருவர் அங்கே மெட்டல் டிடெக்டரோடு போனார். கருவி ஒலித்த இடத்தில் தோண்டினார். ஒன்பது அங்குல ஆழத்தில், இறுகிய மண்ணுக்குள், இடைக்காலத்துத் தங்க ப்ரூச் ஒன்று கிடைத்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, முறைப்படி அறிவித்தார். அக்காலச் சட்டப்படி அது புதையல் இல்லை என்று முடிவாகி, பொருள் அவரிடமே திரும்பி வந்தது. கவுன்சில் வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றத்தில் கண்டெடுத்தவர் வென்றார். 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. மண்ணுக்குள் இருக்கும் பொருளின் மேல், கண்டெடுத்தவரைவிட நிலத்தின் சொந்தக்காரருக்கே வலுவான உரிமை உண்டு. பொழுதுபோக்குக்காகத் திறந்துவிட்ட பூங்கா என்பதால் குழி தோண்டவும் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது என்றது அந்தத் தீர்ப்பு. நேர்மையாக நடந்துகொண்ட மனிதர் ப்ரூச்சை இழந்தார். கடற்கரைக்குக் கருவியோடு போகும் யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வழக்கு இது. பூங்காவுக்கு என்ன விதியோ, மணலுக்கும் அடிப்படையில் அதுதான்.

அப்படியானால் மணல் யாருடையது? இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நேராகக் கடலை நோக்கி இருநூறு அடி நடந்தால் மூன்று நான்கு சொந்தக்காரர்களைக் கடந்துவிடலாம். ஒருவர் எல்லை முடிந்து இன்னொருவர் எல்லை தொடங்கும் இடத்தில் வேலியும் இருக்காது, பலகையும் இருக்காது.

கடல் ஏறும்போது நனைந்து, வற்றும்போது வெளியே தெரியும் ஈர மணல் ஒரு பட்டை. சராசரி ஏற்றக் கோட்டுக்கும் சராசரி வற்றுக் கோட்டுக்கும் நடுவே உள்ள இந்த முன்கரையில், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் சேர்த்து, ஏறத்தாழ பாதியை கிரவுன் எஸ்டேட் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அரச பரம்பரைச் சொத்து அது. வருமானம் அரசு கருவூலத்துக்குப் போகிறது. தேடுபவர்களுக்கு நல்ல செய்தி இந்தப் பட்டையில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கிரவுன் எஸ்டேட்டிடம் எழுதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது சீட்டு வேண்டாம், அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைகளை மதித்தால் போதும். ஆனால் இந்தப் பொது இசைவு முன்கரையோடு நின்றுவிடுகிறது. வற்றுக் கோட்டுக்குக் கீழே கடலடியிலும் ஆற்றுப் படுகையிலும் அது செல்லாது. கடலடியைக் கிளறுவதென்றால் கடல்சார் உரிமம் வரைக்கும் விஷயம் போய்விடும்.

மீதிப் பாதி பல கைகளில் இருக்கிறது. கார்ன்வாலிலும் சில்லி தீவுகளிலும் முன்கரையின் பெரும்பகுதி டச்சி ஆஃப் கார்ன்வாலுடையது. அது இளவரசருக்குரிய சொத்து. வடமேற்கில் மெர்சி ஆற்று முகத்திலிருந்து பாரோ வரை உள்ள கரையில் டச்சி ஆஃப் லங்காஸ்டருக்கு உரிமை உண்டு. இவை இரண்டும் கிரவுன் எஸ்டேட் இல்லை. பெயரில் அரச வாசனை அடிப்பதால் ஒன்றுக்குக் கிடைத்த இசைவு மற்றதற்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது, தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேறு இடங்களில் முன்கரையை உள்ளூர் கவுன்சிலோ துறைமுகமோ ராணுவமோ தனியாரோ வைத்திருப்பார்கள். சிலர் கிரவுன் எஸ்டேட்டிடமிருந்தே குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். எந்தத் துண்டு தன்னுடையது என்று காட்டும் வரைபடத்தைக் கிரவுன் எஸ்டேட் இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதைத் திறந்து பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏற்றக் கோட்டுக்கு மேலே உள்ள காய்ந்த மணல், மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் இடம், பெரும்பாலும் கவுன்சிலுடையது. மோதிரமும் சில்லறையும் அதிகம் விழுவதும் அங்கேதான். கவுன்சிலுக்குக் கவுன்சில் விதி மாறும். சில இடங்களில் எந்தத் தடையும் இல்லை. சில இடங்களில் கோடைக்காலப் பகல் நேரத்தில் கூடாது, விடியற்காலையிலும் குளிர்காலத்திலும் பரவாயில்லை. இன்னும் சில இடங்களில் எழுத்து மூலம் அனுமதி வேண்டும், அல்லது அடியோடு கூடாது. துணைவிதிகள் எழுதிய பலகையைக் கடற்கரை நுழைவாயிலில் பார்க்கலாம். இல்லாவிட்டால் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். நேஷனல் டிரஸ்ட் வைத்திருக்கும் கரை என்றால் பதில் எளிது. முறையான ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக அல்லாமல் தன் நிலத்தில் மெட்டல் டிடெக்டரை அது விடுவதில்லை. நீண்ட, அழகான கரைகள் பல அதன் வசம் இருப்பதால் ஆசையோடு போய் ஏமாறுபவர்கள் உண்டு.

மணல்மேடுகளில் ஏறவே வேண்டாம் என்பேன். அவற்றில் பல எஸ்.எஸ்.எஸ்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள். மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அங்கே வளரும் புல்லின் வேர்தான். ஒரு குழி போட்டு வேரை அறுத்தால் காற்று அந்த இடத்தைக் கண்டுபிடித்து மேட்டையே தின்னத் தொடங்கிவிடும்.

சொந்தக்காரர் சம்மதித்தாலும் கூடாத இடங்கள் உண்டு. பட்டியலிடப்பட்ட தொல்சின்னங்கள் முதலில் வருகின்றன. 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, அத்தகைய இடத்தில் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். எதையும் தோண்ட வேண்டியதில்லை, கருவியை ஓட்டினாலே போதும். கடலோரக் கோட்டைகள், பழைய துறைகள் எனப் பல இடங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. ராணுவப் பணியில் இருக்கும்போது விழுந்த விமானங்களின் சிதைவுகளுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தானாகவே பாதுகாப்புத் தருகிறது. ஒரு நாள் மணலில் அலுமினியத் தகடும் ஆணியும் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடியில் ஒருவரின் கல்லறை இருக்கக்கூடும்.

கப்பல்களுக்கும் சட்டம் உண்டு, 1973-ல் வந்தது. அது ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில் புல்வர்ஹைத் கரைக்குப் போக வேண்டும். கடல் மிகவும் வற்றும் நாட்களில் அங்கே மணலிலிருந்து கறுத்த மரக்கட்டைகள் வரிசையாக எழுந்து நிற்கும். வளைந்து போகும் அந்த வரிசையைக் கண்ணால் தொடர்ந்தால் ஒரு கப்பலின் உருவம் தெரியவரும். ஆம்ஸ்டர்டாம் என்ற அந்தக் கப்பல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான். 1749 ஜனவரியில், தன் முதல் பயணத்திலேயே, படேவியாவுக்குப் போகும் வழியில் சுக்கான் உடைந்து, ஆட்களை நோய் வாட்ட, இந்தக் கரையில் கொண்டுவந்து ஏற்றப்பட்டது. மேல் தட்டுகள் போனாலும் அடிப்பகுதி சேற்றில் புதைந்து அழுகாமல் இருந்தது. 1969-ல் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் போட வந்தவர்கள் இயந்திரத்தைக் கொண்டு அதைத் தோண்டிப் பொருட்களை வெளியே எடுத்தார்கள். இருநூற்றிருபது ஆண்டுகள் சேறு காத்துவந்ததை வாளி வைத்த இயந்திரம் சில நாட்களில் கலைத்துவிட்டது. அப்போது அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. இன்று கப்பலைச் சுற்றி 100 மீட்டர் பாதுகாக்கப்பட்ட வட்டம், உள்ளே உரிமம் இல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது. கப்பலோ இன்றும் நெதர்லாந்து அரசின் சொத்து. ஆங்கிலேயக் கரையில் கிடந்தாலும் ஆங்கிலேயருடையது ஆகிவிடவில்லை.

லண்டன் தேம்ஸ் நதிக்கரைக்குத் தனி விதி, அதுவும் மிகக் கடுமையானது. டெடிங்டன் வரைக்கும் தேம்ஸில் கடல் ஏறி இறங்குகிறது, ஆகவே வற்றும்போது நகரத்தின் நடுவே கரை தெரிகிறது. ரோமர் காலத்திலிருந்து லண்டன் தொலைத்ததெல்லாம் அந்தச் சேற்றில் இருக்கிறது. அங்கே லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த விதத்திலும் தேடக் கூடாது. கருவி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்கும் சீட்டு வேண்டும். சீட்டு இருந்தாலும் பொதுவாக 7.5 சென்டிமீட்டருக்கு மேல் தோண்ட முடியாது. 300 ஆண்டுக்கு மேற்பட்டது எது கிடைத்தாலும் பதிவு செய்ய வேண்டும். லண்டன் கோபுரம், வெஸ்ட்மின்ஸ்டர், குவீன்ஹித் போன்ற இடங்களில் சீட்டோடும் கூடாது. ஆர்வம் அளவுக்கு மீறிப் பெருகியதால் 2022 நவம்பரில் புதிய விண்ணப்பங்களையே நிறுத்திவைத்தார்கள். பிறகு காத்திருப்போர் பட்டியல் வந்தது. நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கரையில் பிள்ளையார் சிலையும் அகல்விளக்கும் அடிக்கடி ஒதுங்குகின்றன. கங்கைக்குப் பதிலாகத் தேம்ஸில் விட்ட இந்துக்களின் காணிக்கை அவை. கண்டால் எடுக்காமல் இருந்த இடத்தில் விட்டுவிடுங்கள். யாரோ வேண்டிக்கொண்டு விட்டது.

இவ்வளவு விதிகளும் எதற்கு என்று கேட்கலாம். சொத்துரிமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பொருள் இருந்த இடம் பொருளைவிட அதிகம் சொல்லும் என்பது. நார்ஃபோக் மாவட்டத்தில் ஹோம் என்ற கடலோர ஊரில் 1998-ல் ஒருவர் இறால் பிடிக்கப் போனார். சேற்றில் ஒரு உலோகத் துண்டு கிடந்தது. என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த நண்பரிடம் காட்டியபோது வெண்கலக் காலத்துக் கோடரித் தலை என்றார். அதை அலமாரியில் வைத்து மூடிவிடாமல், கிடைத்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு நாள் கடல் கொஞ்சம் மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. தலைகீழாக நட்ட ஒரு பெரிய ஓக் மரத்தின் அடிமரம் வேர்களை வானத்தைப் பார்த்து விரித்துக்கொண்டு நின்றது. பிறகு சுற்றிலும் வட்டமாக மரத்தூண்களும் தெரியவந்தன. அவர் அருங்காட்சியகத்துக்குச் சொன்னார். 1999-ல் முறைப்படி அகழ்ந்தார்கள். தூண்கள் 55, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அவை கி.மு. 2049-ல் வெட்டப்பட்டவை என்று ஆண்டையே கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்று கிங்ஸ் லின் அருங்காட்சியகத்தில் அந்த வட்டத்தைப் பார்க்கலாம். கோடரித் தலையை எடுத்தவர் அது கிடைத்த இடத்தை மறந்திருந்தால் அடுத்த புயல்கள் அந்த மரங்களைக் கொண்டுபோயிருக்கும்.

ஆகவே கருவியோடு போகிறவர்களுக்கு என்னுடைய முதல் பரிந்துரை இதுதான். தளர்ந்த மணல் வரைக்கும் தோண்டுங்கள். மண்வெட்டி நீலக் களிமண்ணிலோ கறுத்த கரிமண்ணிலோ மரத்திலோ பட்டால் கையை எடுத்துவிடுங்கள். தளர்ந்த மணலில் கிடப்பதைக் கடல் ஏற்கெனவே பலமுறை இடம் மாற்றிவிட்டது. அடியில் உள்ள அடுக்கு அசையாமல் இருக்கிறது. அதைக் கலைத்தால் திரும்ப வராது.

கருவி வேலை செய்யும் விதமும் இந்தப் பிரச்சினையைப் பெரிதாக்குகிறது. உப்பு ஊறிய ஈர மணல் தானே மின்சாரத்தைக் கடத்தும், அதனால் சாதாரணக் கருவி அங்கே ஒன்றும் இல்லாமலேயே கத்தும். பல அலைவரிசையில் இயங்கும் விலை கூடிய கருவிகள் இதைச் சமாளிக்கும். ஆனால் எந்தக் கருவியாலும் குளிர்பானக் கேனின் அலுமினிய வளையத்தையும் மெல்லிய தங்க மோதிரத்தையும் நம்பும்படி பிரித்துச் சொல்ல முடியாது. திரையில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். மோதிரம் வேண்டுமென்றால் வளையத்தையும் தோண்டியாக வேண்டும், அதாவது நிறையக் குழிகள். ஓட்டை போட்ட நீளக் கரண்டியால் மணலை அள்ளி, அலைநீரில் ஆட்டி வடித்தால் அடியில் பொருள் தங்கும். எடுத்தவுடன் காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். காலையில் அந்தக் கரையில் குதிரை ஓடும், முதியவர்கள் நடப்பார்கள், குழந்தைகள் பாய்ந்து வருவார்கள். சில கவுன்சில்கள் தடை போட்டதற்குக் காரணமே மூடாமல் விட்ட குழிகள்தான். குப்பையையும் கையோடு கொண்டுபோய்த் தொட்டியில் போட வேண்டும்.

இனி, கிடைத்ததை என்ன செய்வது? மூன்று வழி இருக்கிறது. எது எந்த வழியில் போகும் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

போன வாரம் யாரோ தொலைத்த மோதிரமோ கைபேசியோ என்றால் அது இன்னும் தொலைத்தவருடையது. கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று சொல்லும் சட்டம் இல்லை. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல் வைத்துக்கொண்டால் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருட்டாகலாம். காவல் நிலையத்திலோ கவுன்சில் அலுவலகத்திலோ தெரிவியுங்கள். கல்யாண மோதிரத்தின் உட்புறத்தில் பெயரும் தேதியும் பொறித்திருப்பது உண்டு. அதை வைத்தே உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். கடற்கரையில் இந்தக் கருவி செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அது.

பழையது என்றால் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு அது பொருந்தும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள் புதையல். தனியாகக் கிடைத்த ஒரு காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஒரே இடத்தில் இரண்டு பொற்காசு அல்லது வெள்ளிக்காசு, அல்லது பத்துச் செப்புக்காசு என்றால் ஆகும். 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: 200 ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகம் கலந்த, வரலாற்றுக்கு அரிய ஒளி தரும் பொருள், பொன்னோ வெள்ளியோ இல்லாவிட்டாலும் புதையலே. கிடைத்த, அல்லது புதையல் என்று புரிந்த, 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் மூன்று மாதம் வரை சிறை. அருங்காட்சியகம் வாங்க விரும்பினால் ஒரு குழு சந்தை விலை கட்டும். அந்தத் தொகையைக் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பங்கிட்டுக்கொள்வார்கள். யாரும் வாங்காவிட்டால் பொருள் திரும்பி வரும். புதையல் இல்லாத பழம்பொருட்களையும் விருப்பத்தின் பேரில் பதிய ஒவ்வொரு வட்டாரத்திலும் அதிகாரி இருக்கிறார், கட்டணம் கிடையாது. 1997-ல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில் இன்று 15 லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கண்டெடுத்தவர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களே. அவர்களை எதிரிகளாக நினைக்கும் தொல்லியல் ஆர்வலர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015-ல் லெம்ஸ்டர் அருகே ஒரு வயலில் நடந்ததைச் சொல்லலாம். இருவர் வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, அறிவிக்காமல், துண்டு துண்டாக விற்றார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். மீட்க முடிந்தது 31. அவற்றில் சிலவற்றில் வெஸ்ஸெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடும் மெர்சியா மன்னர் கியோல்வுல்ஃபும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். இருவரும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் காசுகள். பின்னால் எழுதப்பட்ட வரலாறு அந்த இரண்டாமவரை மதிக்கவே இல்லை. 2019-ல் இருவருக்கும், மறைத்ததோடு திருட்டுக் குற்றமும் சேர்ந்ததால், நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. முறைப்படி அறிவித்திருந்தால் பெருந்தொகை சட்டப்படியே கைக்கு வந்திருக்கும். அவர்கள் இழந்தது பெரிதாகத் தெரியவில்லை எனக்கு. மீதிக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்பதுதான் மனதை அறுக்கிறது.

மூன்றாவது வழி கடலுக்கே உரியது. கப்பலிலிருந்து வந்த எதுவும், நேற்று ஒதுங்கியதானாலும் முந்நூறு ஆண்டுக்கு முந்தியதானாலும், புதையல் சட்டத்தில் வராது. 1995-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டப்படி 28 நாளுக்குள் ரிசீவர் ஆஃப் ரெக் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் வந்து கேட்க ஓராண்டு அவகாசம். யாரும் வராவிட்டால் பல நேரங்களில் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்கள். மறைத்தால் 2,500 பவுண்டு வரை அபராதம், அதற்கு மேல் உரியவருக்குப் பொருளின் மதிப்பைப் போல இரு மடங்கு கொடுக்க வேண்டியும் வரலாம். ஒரே பொற்காசு, மேலே உள்ள மண்சரிவிலிருந்து விழுந்ததா, மூழ்கிய கப்பலிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து வேறு வேறு அலுவலகத்துக்குப் போகிறது. தெரியாவிட்டால் வட்டாரப் பதிவு அதிகாரியிடம் கேட்டுவிடலாம்.

2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நாப்பொலி என்ற சரக்குக் கப்பல் புயலில் பிளந்து, டெவன் கரையில் பிரான்ஸ்கம் அருகே தரைதட்டியபோது இந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரியவந்தது. கொள்கலன்கள் கரையில் ஒதுங்கின. தொலைக்காட்சியில் பார்த்த மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிள்களையும் மதுப் பீப்பாய்களையும் குழந்தைகளுக்கான நாப்கின் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கரையில் கிடப்பதைப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு எடுக்கலாம் என்றே பலர் நம்பினார்கள். ஒரு கொள்கலனில் ஸ்வீடனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்மணி தன் பரம்பரைப் பொருட்களை அந்நியர்கள் எடுத்துப் போவதைச் செய்தியில் பார்த்தார். ஒதுங்கிய பொருளுக்கும் சொந்தக்காரர் உண்டு என்று சட்டம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

எல்லையைத் தாண்டினால் விதி மாறும். ஸ்காட்லாந்தில் எவ்வளவு பழையது, என்ன உலோகம் என்ற கணக்கே இல்லை. தொல்பொருள் எதுவாக இருந்தாலும் அரசுக்குரியது, தெரிவித்தே ஆக வேண்டும். வட அயர்லாந்தில் தொல்பொருளைத் தேடித் தோண்டுவதற்கே உரிமம் வேண்டும். அயர்லாந்து குடியரசு 1987-லேயே இசைவின்றிக் கருவி கொண்டு தொல்பொருள் தேடுவதைக் குற்றமாக்கிவிட்டது. படகேறி அந்தப் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. ஊருக்கு வரும்போதும் அப்படித்தான். இங்கிலாந்துக்குப் புதையலுக்கென்று எழுதிய சட்டம் 1996-ல்தான் வந்தது. அதே ஆட்சி இந்தியாவுக்கு 1878-லேயே ஒன்று எழுதிவிட்டது, அது இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமம் இல்லாமல் அகழவே முடியாது.

வெடிபொருளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டார்செட்டில் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் 1944 ஏப்ரலில் நார்மண்டி படையெடுப்புக்கு உண்மையான குண்டுகளோடு ஒத்திகை நடந்தது. சர்ச்சிலும் ஐசன்ஹோவரும் மன்னர் ஆறாம் ஜார்ஜும் வந்து பார்த்தார்கள். இப்படிப் பயிற்சிக்கும் கண்ணிவெடிக்கும் பயன்பட்ட கரைகள் பல, மணல் இன்னும் அவ்வப்போது ஒன்றை வெளியே தள்ளுகிறது. துருப்பிடித்த உருளையோ கூம்போ தெரிந்தால் தட்டாமல், கழுவாமல், நகர்த்தாமல் விலகிப் போய் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள்.

கவுன்சிலுக்கு எழுதும்போது மூன்றே கேள்வி போதும்: இந்தக் கரையில் ஏற்றக் கோட்டுக்கு மேலும் கீழும் நிலம் யாருடையது? மெட்டல் டிடெக்டருக்குத் துணைவிதி ஏதும் உண்டா, மாதமும் நேரமும் குறித்திருக்கிறதா? தொல்சின்னமோ எஸ்.எஸ்.எஸ்.ஐ.யோ அருகில் எங்கே தொடங்குகிறது? பதிலை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் யாராவது நிறுத்திக் கேட்டால் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.